கோப்பையே கோப்பை வாங்கப் போன கதை

இலங்கையின் கிழக்குக் கரையில் நடந்த முதல் போட்டி கிரிக்கெட் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எல்லே என்று அடம்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் பிழை. முதல் போட்டி முக்குவர், திமிலர் என்ற இரண்டு சமூகத்தாருக்கிடையே சண்டையாக நடந்தது. வருடம் எவருக்கும் தெரியாது. ஸ்கோர் எழுத ஆளில்லை, நடுவரும் இல்லை. முக்குவர் பக்கம் கை தளர்ந்தபோது, வியாபாரத்துக்கு வந்து தங்கியிருந்த பட்டாணியரை, அதாவது இந்தக் கரை முஸ்லிம்களான நம்ம மூத்தவாப்பாமாரை, களத்தில் இறக்கினார்கள். வெளியூர் ஆட்டக்காரரைக் கூலிக்கு இறக்கும் வித்தையைத் தாங்கள்தான் 2008இல் கண்டுபிடித்ததாக ஐ.பி.எல். காரர்கள் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

திமிலர் தோற்று ஓடினார்கள். பிறகு பரிசளிப்பு விழா. பொன் வேண்டுமா, காணி வேண்டுமா, பெண் வேண்டுமா என்று முக்குவத் தலைவர்கள் கேட்க, பட்டாணியர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு “பெண்” என்றார்களாம். ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும். காணியையும் சேர்த்தே வாங்கினார்கள் என்று சொல்வாரும் உண்டு. நம்ம ஆட்களின் குணம் தெரிந்தவர்கள் அதைத்தான் நம்புவார்கள். எப்படிச் சொன்னாலும் ஒரு விசயம் மாறாது. நம்ம பெண்கள் விளையாட்டு வரலாற்றில் நுழைந்தது வீராங்கனையாக அல்ல, வெற்றிக் கோப்பையாக.

கோப்பை வென்றவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டுவான். இங்கே கோப்பை, வென்றவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கும் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருகிறார். வீடும் வளவும் பெண் பேரில். (அந்த வீட்டைக் கட்டி முடிக்க வாப்பாவும் காக்காமாரும் கட்டாரில் கருகுவது வேறு கதை.) குடி என்ற வம்சப் பிரிவும் தாய்வழி. உம்மாவின் குடி எதுவோ அதுதான் பிள்ளையின் குடி. வாப்பா அந்தக் குடியில் விருந்தாளி. அந்தக் காலத்தில் குடிக்கொரு மரைக்கார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் உட்காருவார். அவர் மட்டும் ஆண். பெண் வழியாக வந்த கதிரையில் ஆண் போய் உட்காரும் இந்தக் கலையை, டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து தடித்த புத்தகமே எழுதினார். நம்மவர்கள் அதைப் படிக்காமலே பாஸ்.

ஆக, வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, குடி பெண்ணுக்கு. மைதானம்? அஸர் தொழுகை முடிந்த பின்னேரம் இந்தக் கரையில் ஏதாவது ஒரு மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரே திடலில் மூன்று கிரிக்கெட் மெட்ச் நடக்கும். ஒரு மெட்ச்சில் அடித்த பந்தை இன்னொரு மெட்ச்சில் பிடிப்பார்கள், மூன்றாவது மெட்ச்சில் சண்டை வரும். அத்தனை நெருக்கத்திலும் எங்கள் பையன்களுக்கு இடம் இருக்கிறது. பெண் பிள்ளைக்கு மட்டும் இடமில்லை.

“உம்மா, நானும் கொஞ்சம் ஓடிட்டு வரட்டா?”

“என்னத்துக்கு மகள் ஓடணும்? பஸ்ஸா போவுது?”

இந்தப் பதிலுக்கு மேல் போய்க் காரணம் கேட்டால், ஊரில் உள்ள மாமாமார் எல்லோரும் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து நாலு காரணம் சொல்வார்கள். பொம்புள உடம்பு தாங்காது. ஆம்புளைகள் பார்ப்பார்கள். இது நம்ம கலாசாரம் இல்லை. உடுப்பு சரிவராது. நாலையும் மார்க்கம் சொன்னதாகவே சொல்வார்கள். கொஞ்சம் கிண்டிப் பார்த்தால் நாலும் இறக்குமதிச் சரக்கு. பெரும்பாலும் வெள்ளைக்காரனின் பழைய ஸ்டொக்.

உடம்பு தாங்காது என்பதில் தொடங்குவோம். 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஓடத் தொடங்கியதும், டொக்டர்மார் சிலர் ‘சைக்கிள் முகம்’ என்று புது வியாதி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சைக்கிள் ஓடினால் பெண்ணின் முகம் இறுகி, கண் பிதுங்கி, தாடை கோணிப் போகுமாம். ஆணுக்கு அப்படி ஒன்றும் பெரிதாக ஆகாது, அவன் முகம் ஏற்கெனவே அப்படித்தான் என்று டொக்டர்மார் நினைத்திருக்கலாம். 1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீற்றர் ஓட்டம் முதல் தடவையாக வந்தது. இறுதி ஓட்டத்தில் ஒன்பது பேர் ஓடினார்கள், ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். பத்திரிகைகளிலோ பதினொரு பேர் ஓடினார்கள், ஐந்து பேர் பாதியில் விழுந்தார்கள் என்று செய்தி. ஓடாத இரண்டு பேரையும் சேர்த்து விழுத்தாட்டிய அந்த நிருபர்கள் இன்றிருந்தால் நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களுக்கு அட்மினாக இருந்திருப்பார்கள். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு ஒலிம்பிக்காரர்கள் 1960 வரை பெண்களை 800 மீற்றர் ஓட விடவில்லை. 32 வருடம்!

2005இல்கூட, பனிச்சறுக்கு விளையாட்டின் சர்வதேசத் தலைவர் ஒருவர், உயரத்திலிருந்து பாய்வது பெண்ணுக்கு மருத்துவ ரீதியில் பொருத்தமில்லை என்று சொன்னார். சுவிற்சர்லாந்துக்காரர். சாய்ந்தமருதுக்காரர் இல்லை.

அடுத்தது, ஆண்கள் பார்ப்பார்கள் என்பது. இதில் கிரேக்கர்கள் நம்மை விடக் கெட்டிக்காரர்கள். அங்கே ஆண்கள் உடுப்பில்லாமல்தான் போட்டியிட்டார்கள், ஆகவே மணமான பெண்கள் பார்க்கவே கூடாது. பார்த்து அகப்பட்டால் மலையிலிருந்து தள்ளிவிடுவது என்று சட்டம். ரோட்ஸ் தீவிலிருந்து கலிபட்டெய்ரா என்ற விதவை, தன் மகன் குத்துச்சண்டை போடுவதைப் பார்க்க, ஆண் பயிற்றுநர் வேசம் போட்டுக்கொண்டு ஒலிம்பியாவுக்குள் புகுந்துவிட்டார். எல்லாம் நல்லபடி போனது, மகன் வெல்லும்வரை. வென்றதும் தாய்க்குக் கால் நிற்குமா? தடுப்பைத் தாண்டிக் குதித்தார், வேசம் கலைந்தது. மலையிலிருந்து தள்ளலாம் என்று பார்த்தால், அவருடைய வாப்பா, சகோதரர்கள், இப்போது மகன் என்று குடும்பமே ஒலிம்பிக் சம்பியன்கள். தள்ளினால் ஊரில் பெரிய குடும்பத்தோடு பகை. மன்னித்து விட்டுவிட்டு, பெரியவர்கள் கூடி ஆழ்ந்து யோசித்து ஒரு தீர்மானம் எடுத்தார்கள். இனிமேல் பயிற்றுநர்களும் உடுப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்! ஒரு பெண் எட்டிப் பார்த்த குற்றத்துக்கு நூற்றுக்கணக்கான வயசாளிகள் கோவணமும் இல்லாமல் நிற்க வேண்டியதாயிற்று. பெண்ணைத் தடுக்கச் சட்டம் போடும் கமிட்டிகள் இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே கிரேக்கத்தில் ஸ்பார்ட்டாவின் இளவரசி கினிஸ்கா இன்னொரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். தேர்ப் போட்டியில் பரிசு ஓட்டியவனுக்கு இல்லை, குதிரையின் சொந்தக்காரருக்கு. குதிரை வாங்கினார், ஆள் வைத்து ஓட்டினார், கி.மு. 396இலும் 392இலும் ஒலிம்பிக்கை வென்றார். சொத்து பெண் பேரில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது உதாரணம். நம்ம பக்கம் சொத்தெல்லாம் பெண் பேரில்தான் இருக்கிறது. ஒருவரும் குதிரை வாங்கவில்லை.

கலாசாரக் காரணத்துக்கு இங்கிலாந்து போக வேண்டும். முதலாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பந்து உதைத்தார்கள். பிரெஸ்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணி 1920 டிசம்பர் 26ஆம் தேதி லிவர்பூலில் ஆடியபோது, பார்க்க வந்தவர்கள் 53,000 பேர். ஆண்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம் வந்தால் வெற்றி, பெண்கள் ஆட்டத்துக்கு வந்தால் கலாசாரச் சீரழிவு. அடுத்த வருடம் டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் கூடி, இந்த விளையாட்டு பெண்களுக்கு ஒவ்வாது, எங்கள் மைதானம் ஒன்றையும் அவர்களுக்குத் தராதீர்கள் என்று தீர்மானம் போட்டது. தடை அரை நூற்றாண்டு இருந்தது. நம்ம மாமாமார் ‘நம்ம கலாசாரம்’ என்று தூக்கிக் காட்டுவது, அந்த லண்டன் கமிட்டியின் கூட்டறிக்கையின் தமிழாக்கம்தான். காலனி ஆட்சிக்காரன் 1948இல் போய்விட்டான், அவனுடைய மாமாமார் போகவில்லை.

உடுப்புக் காரணம் கொஞ்சம் சுவையானது, ஏனென்றால் இதில் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும். மூடு என்று ஒரு பக்கம், கழற்று என்று மறுபக்கம். 2011இல் ஈரான் உதைபந்தாட்டப் பெண்கள் தலையை மூடி ஆட வந்தார்கள் என்று ஒலிம்பிக் தகுதிச் சுற்று ஆட்டமொன்றை ஆடவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். பீஃபாவுக்குத் தலைத்துணி ஆபத்தில்லை என்று விளங்க 2014 ஆகிவிட்டது. லெபனானில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழும் அஹெதா சனெட்டி என்ற பெண், மூடிக்கொண்டும் நீந்தலாம் என்று புர்கினி தைத்தார். 2016இல் பிரான்ஸின் கடற்கரை நகரங்கள் சில அதற்கும் தடை போட்டன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி இடம் முதன்முதலாக ஒதுக்கப்பட்டது, நவீன ஒலிம்பிக் தொடங்கி 128 வருடம் கழித்து. அதே ஒலிம்பிக்கில் பிரான்ஸ் தன் வீராங்கனைகள் ஹிஜாப் போடக்கூடாது என்றது. இந்த விசயத்தில் பிரான்ஸ் அரசும் நம்ம ஊர் மாமாவும் சண்டை போடத் தேவையில்லை. பெண் என்ன உடுக்க வேண்டும் என்பதைத் நாங்கள்தான் முடிவு செய்வோம் என்பதில் இரண்டு தரப்பும் ஒன்று.

சரிபாதிக் கணக்கில் இலங்கை பாரிஸை முந்திவிட்டது என்பதையும் இந்த இடத்தில் பெருமையோடு சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டுக்கு இதுவரை கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் மொத்தம் இரண்டு. 1948இல் டங்கன் வைட், 2000இல் சுசந்திகா ஜயசிங்க. ஒன்று ஆணுக்கு, ஒன்று பெண்ணுக்கு. சுசந்திகாவுக்குச் சிட்னியில் வெண்கலம்தான் தந்தார்கள், பிறகு முன்னால் ஓடிய மேரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தில் அகப்பட, வெள்ளியாக உயர்ந்தது. 2024 ஜூலையில் ஆண்களின் கிரிக்கெட் அணியைத் திட்டிக் களைத்திருந்த நாட்டுக்கு, தம்புள்ளையில் இந்தியாவை வீழ்த்தி ஆசியக் கிண்ணத்தைக் கொண்டு வந்ததும் சமரி அத்தபத்துவின் பெண்கள் அணிதான். ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணம் 2018இல் வந்தபோது வலைக்குக் கீழே நின்றவர் யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம், ஆறடி பத்து அங்குலம். அந்த உயரத்தில் ஒரு பிள்ளை நம்ம ஊரில் வளர்ந்தால், முதலில் பேசப்படுவது வலைப்பந்தாட்டமாக இருக்காது.

இறக்குமதிச் சரக்கெல்லாம் போகட்டும், சொந்தச் சரக்கு என்ன சொல்கிறது? ஹதீஸ் கிரந்தங்களில் உள்ளது. ஒரு பயணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களும் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். ஆயிஷா நாயகி வென்றார்கள். காலம் போய், அவர்களுக்கு உடம்பு கொஞ்சம் வைத்த பிறகு மறுபடி ஓடினார்கள். இந்தத் தடவை நபியவர்கள் வென்று, அன்றைக்குத் தோற்றதற்கு இது ஈடு என்று சொன்னார்கள். ஜும்ஆப் பிரசங்கத்தில் எத்தனையோ நல்ல விசயம் கேட்டிருக்கிறோம். ‘மனைவியோடு ஓடிப் பாருங்கள்’ என்று மட்டும் எந்த மௌலவியும் இதுவரை சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் நம்ம ஊர் ஆண்களில் எத்தனை பேர் இரண்டாவது சுற்றிலும் தோற்பார்கள் என்பது, தொந்தியைப் பார்த்தாலே தெரியும்.

1984இல் மொரோக்கோவின் நவால் அல் முத்தவக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் ஒலிம்பிக் தங்கம் வென்றபோது, அன்று பிறக்கும் பெண் குழந்தைகளுக்கு நவால் என்று பெயர் வையுங்கள் என்று மன்னரே சொன்னாராம். நம்ம கரையில் நவால் என்ற பெயர் நிறைய உண்டு. ஓட விட்டதாகத் தெரியவில்லை.

இப்போது கல்முனையில் பஸ் ஏறித் தெற்கே வாருங்கள். அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவில். அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் வெள்ளைக்காரர் அறுகம்பே என்றும் ஊரார் உல்லை என்றும் சொல்லும் இடம். சித்திரை முதல் ஐப்பசி வரை அங்கே அலை உருண்டு உருண்டு வரும். அந்த அலைக்காக 1970கள் தொட்டே வெளிநாட்டார் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பார்த்துப் பார்த்து உள்ளூர்ப் பையன்களும் பழகி, வெள்ளைக்காரனுக்கே சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் அலையில் ஏறினார்கள், உள்ளூர்ப் பெண்கள் ரொட்டி சுட்டார்கள். பல வருடம் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ஷமலி சஞ்சயா அந்தக் கடற்கரையிலேயே வளர்ந்தவர், அலைச்சறுக்குக்காரக் குடும்பம். 2011இல் கலிபோர்னியாவிலிருந்து குடும்பத்தோடு அங்கு வந்து குடியேறிய டிஃபனி கரோதர்ஸ் என்பவர் பலகையைக் கொடுக்க, ஷமலி ஏறி நின்றார். பிறகு மற்றப் பெண்களும் வந்தார்கள். ஊரில் வழக்கமான பேச்சு எழுந்தது: கலாசாரம் கெடுகிறது, கறுத்துப் போவாளுகள், யார் கட்டுவான். கறுத்துப் போவது பற்றிய கவலை, பரம்பரையாகக் கடலில் வெயில் காய்ந்த கறுத்த ஆண்களிடமிருந்தே வந்தது. 2018 ஓகஸ்டில் அந்தப் பெண்கள் அறுகம்பே பெண்கள் அலைச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கினார்கள். நாட்டிலேயே பெண்களுக்கென்று வந்த முதல் அலைச்சறுக்குக் கழகம். தாய்மாரும் இருக்கிறார்கள். பலகையை எடுக்கும் முன்னர் சமையல் முடிந்திருக்க வேண்டும் என்ற எழுதாத விதி அவர்களுக்கு மட்டும் உண்டு, ஆண்கள் கழகங்களின் யாப்பில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

கலாசாரம் பற்றி ஒரு சொல். இந்த விளையாட்டு பிறந்த ஹவாய்த் தீவுகளில் பழைய காலத்தில் அரச குலத்துப் பெண்களும் சாதாரணப் பெண்களும் ஆண்களோடு சேர்ந்தே அலையில் ஏறினார்கள். 19ஆம் நூற்றாண்டில் வந்த மிசனரிமார்தான் அதைக் கண்டு முகம் சுளித்தார்கள். சுளித்த முகம் எப்படியோ கடல் தாண்டி உல்லை வரை வந்து சேர்ந்துவிட்டது.

சிரிப்பை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எல்லாம் அதில். போனவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். ஏன் என்று ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் ஆராய்ந்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, இலங்கையில் நீந்தவும் மரம் ஏறவும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் பழக்குகிறார்கள் என்பது. வாசலில் கடலை வைத்துக்கொண்டு வீட்டுக்காரிக்கு நீச்சல் தெரியாது. வீடு அவள் பேரில் எழுதப்பட்டிருந்தது, அந்த உறுதிப் பத்திரமும் வெள்ளத்தில் போனது. விளையாட்டு பொழுதுபோக்குத்தானே, பெண்ணுக்கு என்னத்துக்கு என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நம்ம பிள்ளைகள் ஓடவே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தை, மாசியில் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். சபா, மர்வா, ஹிறா, அறபா என்று இல்லங்கள், இல்ல அலங்காரம், அணிநடை, தேசிக்காய் ஓட்டம், சாக்கோட்டம், பணிஸ் சாப்பிடுதல். பெண் பிள்ளைகள் ஹிஜாபை இறுக்கி முடிந்துகொண்டு ஓடும் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும், தாய்மார் மதிலுக்கு மேலால் கத்தும் கத்தலைக் கேட்க வேண்டும். பஸ்ஸா போவுது என்று கேட்ட அதே உம்மாதான் அன்றைக்கு எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்துவார். நூறு மீற்றர் பதினைந்து செக்கனில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் அதிதிகள் பேச்சு ஒன்றரை மணித்தியாலம். பந்தலில் உட்கார்ந்திருக்கும் அதிதிகள் பெரும்பாலும் ஆண்கள், அங்கிருந்து ஓடும் கோட்டுக்கு நடந்தாலே மூச்சு வாங்குபவர்கள். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. வெயிலில் வரிசையாக நிற்கும் பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தல் வர முன்னர், நிழலில் இருப்பவருக்கு மூன்றாவது பொன்னாடை வந்துவிடும். பிறகு அவர் கையால் இவள் கோப்பை வாங்குவாள், படம் எடுப்பார்கள், பேஸ்புக்கில் அவர் முகம் முழுசாகவும் அவள் முகம் பாதியாகவும் வரும். ஓ.எல். பரீட்சை முடிந்ததும் அவளுடைய ஓட்டமும் முடிந்துவிடும். கோப்பை மட்டும் சீதன வீட்டு அலுமாரிக்குள் இருக்கும்.

மாநகர சபைக்காரரும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களும் விளையாட்டு உத்தியோகத்தர்களும் இதைப் படித்தால், கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலும் மற்ற ஊர்த் திடல்களிலும் கிழமைக்கு இரண்டு பின்னேரம் பெண் பிள்ளைகளுக்கென்று போர்டு எழுதி மாட்டுங்கள். மறைப்பு வேண்டுமென்றால் மறைப்பு கட்டுங்கள், அதைப் பிள்ளைகளும் உம்மாமாரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். ஊருக்கு ஒரு நீச்சல் பயிற்றுநர் வையுங்கள், அவர் பெண்ணாக இருக்கட்டும். காசுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். வருகிற தை, மாசிக்குப் பொன்னாடை வாங்குவதை மட்டும் நிறுத்திப் பாருங்கள், செலவு போக மிச்சமும் வரும்.